வெல்டிங் வைத்த ஸ்டீயரிங்கோடு மலை இறங்காதீர்கள்

கேள்வி: தாண்டிக்குடிக்கு மேலே எங்களுக்குக் காபி, மிளகுத் தோட்டம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு ஒரு ஃபோர் வீல் டிரைவ் டபுள் கேபின் பிக்கப்பைப் பழைய வண்டியாக வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் முன்பக்கம் ஸ்பேசர் வைத்து மூன்று அங்குலம் தூக்கி, 285/70 ஆர் 17 அளவில் மட் டயரும், வெளியே துருத்தி நிற்கும் அலாய் வீலும் போட்டிருந்தார். பார்க்கக் கம்பீரமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். போன வாரம் காபிப் பழ மூட்டைகளோடு தோட்டத்துப் பாதையில் 4எல் (ஃபோர் வீல் டிரைவின் மெது கியர்) போட்டு ஏறினேன். ஒரு கல்லில் சக்கரம் முட்டி ஏறும்போது 'டக்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் வலது சக்கரம் பாதையைப் பார்க்கிறது, இடது சக்கரம் பள்ளத்தைப் பார்க்கிறது. சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் உள்பாகமான இடது பக்க ராக் எண்டு, குண்டை ஒட்டிய கழுத்தில் முறிந்திருந்தது. உள்ளூர் மெக்கானிக் அதை வெல்டிங் வைத்து மாட்டிக் கொடுத்திருக்கிறார், தோட்டத்துக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்படியே வத்தலக்குண்டு வரை இறங்கி வரலாமா? இணையத்தில் தடிமனான ஹெவி டியூட்டி டை ராடு விற்கிறார்கள், அதை வாங்கலாமா? இல்லை, லேத்தில் கடைந்து ரோஸ் ஜாயிண்ட் (திறந்த குண்டு மூட்டு) போட்டுக்கொள்ளலாமா? ஸ்டீயரிங் உதறலை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் போதும் என்கிறார் ஒரு நண்பர். மனைவியும் குழந்தைகளும் இதே வண்டியில்தான் வருகிறார்கள். வெல்டிங் வைப்பதற்கு முன் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள தாண்டிக்குடி நண்பருக்கு,

வத்தலக்குண்டு வரை இறங்கி வரலாமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். தோட்டத்துக்குள்ளும் இனி ஓட்ட வேண்டாம். இதைப் படிக்கும்போது வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்துங்கள். சாவியை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். அவசரத்துக்கு வேறு யாராவது எடுத்து ஓட்டிவிடக் கூடாது.

வெல்டிங் வைத்தவர் மீது கோபப்படாதீர்கள். மலையில் நின்றுபோன வண்டியை எப்படியாவது நகர்த்திக் கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்திருப்பார். ஆனால் ராக் எண்டு என்பது கேட்டுக்குக் கொண்டி வைக்கிற இரும்பு இல்லை. அது அடித்து உருவாக்கி, சூடாக்கி, பதம் பார்த்துக் குளிரவைத்த எஃகு. அதன் மேல் வெல்டிங் தீ பட்டதும் அந்தப் பதம் போய்விடும். வெல்டிங் வரியை ஒட்டி இருபுறமும் ஒரு மெல்லிய பட்டை கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பார்வைக்குத் தடித்த வரி பலமாகத் தெரியும். அடுத்த முறிவு அந்த வரிக்குப் பக்கத்தில் நடக்கும். இப்போது உடைந்தபோது நீங்கள் 4எல்-இல் நடை வேகத்தில் போய்க்கொண்டிருந்தீர்கள், அதனால் தப்பித்தீர்கள். இறங்குகிற கொண்டை ஊசி வளைவில் அது உடைந்தால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும், ஆனால் ஒரு சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது.

சரி, படத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பியதில் இரண்டாவது படம்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் வைத்து நெருக்கமாக எடுத்திருக்கிறீர்கள். அந்த வட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பழுப்பாக, வழவழப்பாக இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் கடல் அலை மணலில் விட்டுப்போன கோடுகள் மாதிரி வளைவு வளைவாக வரிகள் தெரியும். மீதி ஒரு பங்கு கற்கண்டை உடைத்த மாதிரி சொரசொரப்பாகப் பளபளக்கிறது. பளபளப்பது போன வாரம் அந்தக் கல்லில் முறிந்தது. பழுப்பாக இருப்பது அதற்கும் பல மாதம் முன்பே விழுந்த விரிசல். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து, அதற்குள் ஈரம் புகுந்து துருப்பிடித்த பகுதி அது. அந்தக் கல் செய்தது கடைசித் தட்டு மட்டும்தான். நீங்கள் அன்றைக்கு ஓட்டியதில் தவறு தேட வேண்டாம்.

அதே படத்தில் இன்னொரு தடயமும் இருக்கிறது. குண்டு உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தின் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் நசுங்கி, தேய்ந்து மின்னுகிறது. எதிர்ப்பக்கம் பெயிண்ட் கூடப் போகவில்லை. கம்பியின் கழுத்து அந்த ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடித்திருக்கிறது என்று அர்த்தம். விரிசல் தொடங்கிய இடம் அந்தப் பிறைக்கு நேர் எதிரே, கழுத்தின் மேல்புறத்தில். இதற்குக் காரணம் உங்கள் வண்டியின் மூன்று அங்குல உயரம்.

விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் உங்களுடைய மற்றக் கேள்விகளுக்கும் நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள். வண்டியின் கம்பெனிப் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். 2016-இல் இங்கே வந்த இசுசு வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் எல்லாவற்றிலும் முன்பக்க அமைப்பு அடிப்படையில் ஒன்றுதான். மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம், நடுவில் காயில் ஸ்பிரிங், குறுக்கே, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் நகரும் பல் வைத்த தண்டு, அதுதான் ஸ்டீயரிங் ராக். ராக்கின் இரண்டு முனையிலும் ராக் எண்டு, அதன் வெளிமுனையில் டை ராடு எண்டு, அது சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் நக்கிளைப் பிடித்திருக்கும். கம்பெனியில் வரும்போது சமதளத்தில் நிற்கிற வண்டியில் இந்தக் கம்பி கிடைமட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சக்கரம் மேலே போனாலும் கீழே தொங்கினாலும் குண்டு தன் கிண்ணத்துக்குள் தாராளமாகத் திரும்பும்.

இந்த அமைப்பில் காயில் ஸ்பிரிங்குக்கு மேலே 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் சுமார் 50 மில்லிமீட்டர் உயரம் கிடைக்கும். மூன்று அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 75 மில்லிமீட்டர். ராக் சேசிஸோடு சேர்ந்து மேலே போய்விடுகிறது, சக்கரம் தரையிலேயே இருக்கிறது. அதனால் கம்பி கூரைச் சரிவு மாதிரி சாய்ந்து நிற்கிறது. ஏற்கெனவே சாய்ந்து நிற்கிற கம்பி, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இன்னும் சாய வேண்டும். குண்டுக்கு அதற்கு மேல் திரும்ப இடமில்லை. கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் முட்டுகிறது. முட்டிய பிறகும் தொங்குகிற சக்கரத்தின் எடை கீழே இழுக்கிறது. கடப்பாரையை ஒரு கல்லில் ஊன்றி நெம்புவது போல, விளிம்பை ஊன்றுகோலாக வைத்துக் கழுத்து நெம்பப்படுகிறது. இழுக்கவும் தள்ளவும் செய்யப்பட்ட ஒரு பாகம் வளைக்கப்படுகிறது. மேல்புறத்தில் விரிசல் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

சாய்வு இன்னொரு கெடுதலும் செய்கிறது. சக்கரத்தைத் திருப்ப 100 கிலோ பக்கவாட்டு விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கம்பி 10 டிகிரி சாய்ந்திருந்தால் அதில் சுமார் 18 கிலோ விசை மேலும் கீழுமாக ராக்கின் முனையை அழுத்தும். 25 டிகிரி சாய்ந்தால் அது 47 கிலோ ஆகிவிடும். அந்த விசையைத் தாங்குவது ராக்குக்குள் இருக்கும் ஒரு சிறிய புஷ். அது தேய்ந்தால் ராக் தன் உறைக்குள்ளேயே ஆடும், சீல் போகும், ஆயில் கசியும்.

அப்புறம் வீல். டயர் பெரியது என்பதைவிட அந்த அலாய் வீல் வெளியே துருத்தி நிற்பதுதான் எனக்குக் கவலை. மேல் பால் ஜாயிண்டையும் கீழ் பால் ஜாயிண்டையும் ஒரு கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டைத் தரை வரை நீட்டுங்கள். சக்கரம் திரும்புவது அந்தக் கோட்டைச் சுற்றித்தான். கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம்தான், ஒவ்வொரு கல்லும் ஸ்டீயரிங்கை நெம்புவதற்குக் கிடைக்கும் கைப்பிடி நீளம். அது 20 மில்லிமீட்டராக இருந்த வண்டியில் 40 மில்லிமீட்டர் வெளியே தள்ளிய வீலைப் போட்டால் கைப்பிடி 60 ஆகிறது; அதே கல், அதே வேகம், மூன்று மடங்கு அடி. வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் வைத்தாலும் இதே கணக்குதான். 285/70 ஆர் 17 டயரின் உயரம் சுமார் 831 மில்லிமீட்டர், ஏறக்குறைய 33 அங்குலம். மட் டயரின் எடையும் அதிகம். அந்த எடையும் இந்த நீளமான கைப்பிடியோடு சேர்ந்துகொள்கிறது.

4எல் போட்டு ஏறும்போது எஞ்சின் இழுவை சுமார் இரண்டரை மடங்காகி முன் சக்கரத்துக்கும் போகிறது. இழுக்கும்போது முன் சக்கரங்கள் உள்ளே திரும்பப் பார்க்கும். கல்லில் முட்டும்போது கல் பின்னால் தள்ளுவதால் வெளியே திரும்பப் பார்க்கும். ஒவ்வொரு கல்லுக்கும் அந்தக் கம்பி ஒரு முறை இழுபடுகிறது, ஒரு முறை அமுக்கப்படுகிறது. கம்பி வளையலைக் கையால் இங்கும் அங்கும் வளைத்து உடைப்போமே, அதேதான். தார் ரோட்டில் பத்து வருடம் ஓடுகிற பாகம் உங்கள் தோட்டத்துப் பாதையில் சீக்கிரம் களைத்துவிடும்.

இப்போது தடிமனான டை ராடு. நீங்கள் கேட்டதில் இதற்குத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். தடிமனுக்குப் பலன் உண்டு. அமுக்கும்போது வளைந்துபோகாமல் நிற்கும் வலிமை, கம்பியின் விட்டம் 10 சதவீதம் கூடினாலே 46 சதவீதம் கூடுகிறது. ஆனால் உங்கள் கம்பி வளையவில்லை, கழுத்தில் முறிந்தது. குண்டு திரும்புவதற்கான இடம் அதேதான் என்றால், தடித்த கழுத்து விளிம்பில் இன்னும் சீக்கிரமாக முட்டும். நெம்பல் நிற்காது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 2001 முதல் 2010 வரை வந்த ஷெவர்லே சில்வராடோ 2500 எச்.டி. பிக்கப்புகளில் டீசல் எஞ்சின் சக்தியைக் கூட்டி, முன்பக்கம் தூக்கி, பெரிய டயர் போட்டு, பாரம் இழுக்கும் போட்டிகளுக்கும் கொண்டுபோனார்கள். டை ராடுகள் வளைந்தன, முறிந்தன. உடனே கம்பிக்கு மேல் இரும்புக் குழாய் உறை மாட்டினார்கள். டை ராடு தாங்கியது. அடுத்து, அந்த அமைப்பில் நடுக் கம்பியைத் தாங்கும் பிட்மேன் ஆர்மும் ஐட்லர் ஆர்மும் ஆட ஆரம்பித்தன. அதற்கும் தாங்குகட்டை விற்பனைக்கு வந்தது. சுமை எங்கே இருந்து வருகிறதோ அங்கே குறைக்காமல், உடைகிற பாகத்தை மட்டும் தடிமனாக்கிக்கொண்டே போனால் உடைப்பு அடுத்த பாகத்துக்கு நகரும். உங்கள் வண்டியில் அடுத்த பாகம் ஸ்டீயரிங் ராக். ராக் எண்டு போனால் மதியத்துக்குள் மாற்றிவிடலாம். ராக் பல்லோ உறையோ போனால் ராக்கையே மாற்ற வேண்டும். அதன் விலை ராக் எண்டு விலையைப் போலப் பல மடங்கு. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பி அடிக்கடி போகிறது என்று ஆணியைச் சொருகுவோமா?

அதனால் உயரத்தையும் வீலையும் சரிசெய்த பிறகும், நீங்கள் தினமும் பாறைப் பாதையில் 4எல் ஓட்டுகிறவர் என்பதால், பலமான கம்பி வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள், தடுக்க மாட்டேன். மூன்று விஷயம் பார்த்து வாங்குங்கள். உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். குண்டு திரும்பும் கோணம் கம்பெனிப் பாகத்துக்குக் குறையக் கூடாது. மரை உருட்டி எடுத்ததாக இருக்க வேண்டும், கடைந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. உருட்டிய மரையின் அடிப்பள்ளம் அமுங்கி இறுகியிருக்கும், விரிசல் லேசில் தொடங்காது. லேத்தில் கடைந்த மரையின் அடியில் கத்திக் கீறல் இருக்கும், விரிசலுக்கு அதுதான் வாசல். என்ன எஃகு என்றே எழுதாத, பெட்டியில் ஒட்டுத்தாள் மட்டும் பளபளக்கிற சரக்கைத் தொடாதீர்கள்.

இதே காரணத்துக்காக லேத்தில் கடைவது வேண்டாம். ரோஸ் ஜாயிண்டும் உங்கள் ஊருக்கு ஆகாது. அதற்கு ரப்பர் பூட் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் பாதையில் தெறிக்கும் செம்மண் சேறு நேராகக் குண்டுக்குள் போகும். செம்மண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரிதான். சில மாதத்தில் ஆட்டம் வந்துவிடும். பந்தய வண்டிகளில் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கழற்றிப் பார்க்கிறார்கள்.

ஸ்டீயரிங் டேம்பர் உங்கள் வண்டிக்கான மருந்து இல்லை. முன்னால் பட்டை ஸ்பிரிங்கும் முழு ஆக்சிலும் இருக்கும் எம்.எம். 540 போன்ற பழைய ஜீப்புகளில் ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டீயரிங் கையை உதறிக்கொண்டு ஆடும். அங்கேகூட டேம்பர் ஆட்டத்தை மறைக்கும். ஆட்டத்துக்குக் காரணமான கிங் பின் தேய்மானமோ டிராக் லிங்க் தேய்மானமோ அப்படியே இருக்கும். தேய்ந்த ஜாயிண்ட் கையில் தட்டித் தட்டி உங்களுக்குச் செய்தி சொல்கிறது. டேம்பர் போட்டால் அந்தச் செய்தி வராது.

செய்ய வேண்டிய வேலைக்கு வருகிறேன். வண்டியைக் கீழே கொண்டுவராதீர்கள், பாகத்தை மேலே வரவழையுங்கள். கம்பெனி ராக் எண்டு இரண்டு, டை ராடு எண்டு இரண்டு, ராக் பூட் இரண்டு, நட்டு கழன்றுவிடாமல் பூட்டும் புது காட்டர் பின் இரண்டு. வலது பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அதே உயரத்தில், அதே வீலோடு, அதே பாதையில் அதே கிலோமீட்டர் ஓடிய ஜோடி அது. கழற்றியதும் வலது கழுத்தைத் துடைத்து, டீசல் தடவி, மறுபடி துடைத்து, மேலே சாக்பீஸ் தூள் பூசிப் பாருங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் இருக்கும் டீசல் கசிந்து மயிரிழைக் கோடாகத் தெரியும். எதுவும் தெரியாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும்.

உங்கள் மெக்கானிக்கே இதைத் தோட்டத்தில் வைத்துச் செய்துவிடலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக வேண்டாம். ஸ்டாண்டு இல்லையென்றால் நல்ல தேக்குக் கட்டை அடுக்குங்கள். பழைய டை ராடு எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி எழுதிக்கொண்டால் புதியதை அதே சுற்றில் ஏற்றலாம். ராக் எண்டைக் கழற்றும்போதும் இறுக்கும்போதும் ராக் கம்பியை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் இறுக்கினால் அந்த முறுக்கு முழுவதும் ராக்கை நகர்த்தும் பினியன் பல்லுக்குப் போகும். நக்கிளுக்குள் போகும் டை ராடு எண்டின் சரிந்த தண்டும் அது உட்காரும் துளையும் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும், அங்கே கிரீஸ் பூசக் கூடாது. நட்டை டார்க் ரெஞ்ச்சால் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகு காட்டர் பின் துளை நேராக வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள். தளர்த்தி நேராக்கக் கூடாது.

காட்டர் பின் சின்ன விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். பொள்ளாச்சியில் என் பட்டறைக்கு ஒரு முறை வால்பாறையிலிருந்து ஒரு பிக்கப் வந்தது. ஸ்டீயரிங் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது, அலைன்மெண்ட் பார்த்துக் கொடுங்கள் என்றார்கள். அடியில் போய் டார்ச் அடித்தால் வலது டை ராடு எண்டில் பின் இல்லை. நட்டு கடைசி இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. என் விரலால் சுற்றியதும் கையோடு வந்துவிட்டது. அந்த வண்டி 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்திருக்கிறது, பின் சீட்டில் பள்ளிக்கூடப் பை ஒன்று கிடந்தது. அந்த நட்டை இன்னும் என் மேசையில் வைத்திருக்கிறேன்.

மாட்டி முடித்ததும் டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு) சரிபார்க்கத் திண்டுக்கல் வரை அப்படியே ஓடி வந்துவிடாதீர்கள். தோட்டத்திலேயே ஓரளவு சரி செய்துவிட்டு இறங்குங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வண்டியை முன்னால் உருட்டி நிறுத்தி, இரண்டு முன் டயரின் நடுவிலும் ஹப் உயரத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். முன்பக்கம் கோட்டுக்குக் கோடு டேப் வைத்து அளவெடுங்கள். அதே கோடுகள் பின்பக்கம் ஹப் உயரத்துக்கு வரும் வரை வண்டியை உருட்டி மறுபடி அளவெடுங்கள். முன் அளவு பின் அளவைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் போதும், மெதுவாகக் கீழே வரலாம். வந்த அன்றே திண்டுக்கல்லிலோ மதுரையிலோ முறையான அலைன்மெண்ட்.

கீழே வந்த அதே பயணத்தில் ஸ்பேசரையும் வீலையும் முடித்துவிடுங்கள். கம்பெனி வீலுக்குத் திரும்புங்கள். அந்த ஸ்பேசரை எடுத்துவிடுங்கள். பாறை தட்டுகிறது, உயரம் கட்டாயம் வேண்டும் என்றால் தரமான ஸ்பிரிங்கும் ஷாக்கும் போட்டு 40 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். மீதிக்கு அடியில் பாறை இடிக்காமல் காக்கும் தகடு, ஒரு நல்ல ஸ்கிட் பிளேட் போடுங்கள், அது உயரத்தைவிட உங்களுக்கு உதவும். எந்த மாற்றம் செய்தாலும் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கையால் திருப்பிப் பாருங்கள். எங்கேயாவது பிடிக்கிற மாதிரி இருந்தால், அல்லது பூட்டை அமுக்கிப் பிடிக்கும்போது கழுத்து விளிம்பில் இடிப்பது விரலில் தெரிந்தால், உயரம் இன்னும் அதிகம்.

முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்தில் சட்டச் சிக்கலும் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.-யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் டயரையும் உயரத்தையும்தான் படம் எடுப்பார்கள். உங்கள் குடும்பத்துக்கு வர வேண்டிய பணம் யாரோ போட்ட ஸ்பேசரால் நின்றுபோகக் கூடாது. தோட்டத்து ஆட்களைப் பின்னால் ஏற்றுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஏற்றினால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஓட்டும் முறையில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சக்கரம் கல்லில் மாட்டியிருக்கும்போது ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். பவர் ஸ்டீயரிங் இருப்பதால் கைக்கு வலி தெரியாது. அந்த வலி முழுவதும் ராக் எண்டுக்குப் போகிறது. நேராக்குங்கள், ஒரு முழம் பின்னால் வாருங்கள், வேறு கோணத்தில் ஏறுங்கள்.

மாதம் ஒரு முறை, முக்கியமாக மழைக்காலத்தில், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கை நான்கு விரல் அளவுக்கு இடமும் வலமும் ஆட்டட்டும். நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்டிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்குத் தெரியும். பிறகு சக்கரத்தைத் தூக்கி, டயரை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராடு பக்கத்து ஆட்டம் தெரியும். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங் ஆட்டம். ராக் பூட்டை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் குலுங்கினால் ராக் சீல் போய்விட்டது. பூட்டில் கிழிசல் இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'கட கட' சத்தம், டயர் ஓரத்தைத் தடவினால் இறகு மாதிரி ஒரு பக்கம் வழவழப்பும் எதிர்ப்பக்கம் கீறலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அங்குமிங்கும் அலைவது, இவையெல்லாம் உங்கள் வண்டியில் சில மாதமாகவே இருந்திருக்கும். யோசித்துப் பாருங்கள்.

காபிப் பழம் செடியில் பழுத்து நிற்கும்போது வண்டி இல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பாகம் வர நாலைந்து நாள் ஆகலாம். அதுவரை பக்கத்துத் தோட்டத்து ஜீப்பை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் புதுப் பாகத்தை மாட்டி முடித்ததும், சக்கரம் மாட்டும் முன் அந்த இரண்டு காட்டர் பின்னையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அப்புறம் இறங்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் டை ராடு லாக் நட்டையும் டோவையும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.